நெபுலைசரில் மூன்று சொட்டு

1

அந்த யோசனை எனக்கு ஒரு மருந்துக்கடையின் கவுண்டரில் நிற்கும்போது வந்தது.

ஜெர்மனிக்கு, ஷ்டுட்கார்ட் நகரத்துக்கு, வேலைக்கு வந்தபின் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். நான்கு நாளாக மூக்கடைப்பு, தொண்டையில் கரகரப்பு, தலையில் ஈர மூட்டையைத் தூக்கி வைத்தது போலக் கனம். டாக்டரிடம் போனால் தேநீர் குடி, ஓய்வெடு, பொறுமையாக இரு என்று அனுப்பிவிட்டார். ஊரில் இருக்கிற உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அம்பத்தூரில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஓர் ஊசியும் நாலு கலரில் மாத்திரையும் இல்லாமல் வெளியே வர முடியுமா? இங்கே விடுப்புச் சான்றிதழ் இரண்டே நிமிடத்தில் கிடைக்கும். மருந்துக்குத்தான் கெஞ்ச வேண்டும்.

ஆத்திரத்தோடு எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போனேன். மூக்கு அடைத்திருக்கிறது என்று ஜெர்மனில் சொல்லப் போய், கடை மூடியிருப்பதற்குச் சொல்லும் வார்த்தையைப் போட்டுவிட்டேன். என் மூக்குக்கு இன்று விடுமுறை என்பது போல ஆகிவிட்டது. கவுண்டரில் இருந்த நரைமுடிப் பெண்மணி சிரிக்காமல் இருக்க முயன்று தோற்று, கட்டைவிரல் அளவு பழுப்பு பாட்டில் ஒன்றைத் திறந்து ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு நீட்டினார்.

முகர்ந்தேன். நீலகிரித் தைலம்!

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், ஊட்டி டூர் போனபோது வாங்கிய பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். அதே வாசனை. ஆனால் இங்கே அதற்கு லேபிள் உண்டு, எந்த மரம், எந்த நாடு, எப்படிக் காய்ச்சி எடுத்தது என்ற விவரம் உண்டு, பக்கத்திலேயே அதை அறை முழுக்கப் பரப்பும் டிஃப்யூசர் என்கிற கருவியும் விற்பனைக்கு உண்டு. அந்தக் காகிதத்தை மூக்கில் வைத்தபடியே நினைத்தேன்: இதை அப்பாவுக்கு முறையாக, அறிவியல்பூர்வமாகச் செய்து கொடுத்தால் என்ன?

அந்த நிமிடத்தில் என் மூக்கு திறந்தே விட்டது. அல்லது திறந்தது போல இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றுதான் இப்போது குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

2

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஏழுமலை. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். ஓய்வு பெற்றதும் அம்பத்தூர் தொழிற்சாலை எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடியேறினார்கள், அப்பாவும் அம்மாவும். நான் ஒரே பெண்.

அப்பாவுக்கு ஆஸ்துமா. பத்து வருடமாகக் காலையும் மாலையும் இன்ஹேலரில் பஃப் அடிக்கிறார். மார்கழி பிறந்தால் மூச்சில் விசில் சத்தம் வரும். எஸ்டேட்டின் தூசியும் லாரிப் புகையும் பனியும் சேர்ந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கும். போன தடவை மூச்சு ரொம்பவும் திணறியபோது டாக்டர் சொல்லி ஒரு நெபுலைசரும் வாங்கினோம். அதாவது மருந்தைச் சாரலாக்கி, முகத்தில் மாட்டிய மாஸ்க் வழியாக நேராக நெஞ்சுக்குள் அனுப்பும் மிஷின். அவசரத்துக்கு மட்டும் என்று பீரோவுக்குள் இருந்தது.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் அவ்வளவுதான். கார் உதிரிபாகங்களின் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஆபீஸில் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஜன்னலில் எண்ணெய்களைப் பற்றிப் படித்தேன். யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், லாவெண்டர், டீ ட்ரீ. இரண்டு ஆன்லைன் வகுப்புகள். ஓர் எக்செல் ஷீட்: எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, எந்த நேரம். உடன் வேலை செய்பவர்களுக்குச் சளி பிடித்தால் என் மேசைக்கு வருவார்கள். நான் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுத் தருவேன். 'இந்திய மருத்துவம்' என்பார்கள். பாட்டில் அவர்கள் ஊர்க் கடையில் வாங்கியது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்கு அனுப்புவது சுலபமாக இல்லை. கூரியர் அலுவலகத்தில் படிவம் நிரப்பச் சொன்னார்கள். உள்ளே என்ன என்ற கட்டத்தில் எண்ணெய் என்று எழுதினேன். எளிதில் தீப்பிடிக்குமா என்பது அடுத்த கட்டம். உண்மையை எழுதினேன். படிவத்தை அப்படியே திருப்பித் தந்துவிட்டார்கள். கடைசியில் ஆவடிப் பக்கத்து முத்தாபுதுப்பேட்டைக்காரர் பிரகாஷ், என் ஆபீஸ் நண்பர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். ஒரு டிஃப்யூசர், ஆறு பாட்டில். பெட்டியில் இடம் குறைவு என்பதால் அட்டை டப்பாக்களையும் உள்ளிருந்த ஜெர்மன் துண்டுச்சீட்டுகளையும் நானே பிரித்து எறிந்தேன். அங்கே யார் ஜெர்மன் படிக்கப் போகிறார்கள்? என் எக்செல் ஷீட்டைத் தமிழில் அச்சடித்து வைத்தேன்.

3

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில் அப்பா டிஃப்யூசரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், புதிதாகப் பிறந்த குழந்தையைக் காட்டுவது போல.

"அடியில ஒரு சின்னத் தகடு இருக்குது பாத்தியா? அதுதான் அதிருது. தண்ணிய அப்பிடியே பொகையா ஆக்குது. நல்ல ஃபினிஷிங்."

"அதுக்குள்ள கழட்டிட்டியாப்பா?"

"கழட்டாம எப்பிடித் தெரியும்?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "கழட்டுனாரு, மாட்டுனாரு, மறுபடி கழட்டுனாரு. இன்னும் அதுக்குப் பூஜதான் போடல."

இங்கிருந்து ஒரு பொருள் போனால் நம் வீடுகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு, உங்களுக்கே தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டும். 'பொண்ணு அனுப்புனது' என்று சொல்ல வேண்டும். சாக்லேட்டாக இருந்தால் ஃபிரிட்ஜில் வருடக்கணக்கில் இருக்கும். இது மருந்து மாதிரி என்பதால் தினம் போட்டார்கள். வாசனை வீணாகக் கூடாது என்று ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டுப் போட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு, இங்கே என் சாப்பாட்டு நேரத்தில், அங்கே மாலை ஐந்து மணிக்கு அழைப்பேன். முதல் கேள்வி ஒன்றேதான்.

"எப்பிடிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குது கண்ணு. நெஞ்சு லேசா இருக்குது."

"நெஜமாவா?"

"பின்ன? சூப்பரா இருக்குது."

அந்த 'சூப்பரா'வைக் கேட்டுவிட்டு நான் பறந்தேன். ஃப்ளாட்டின் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்க்கச் சொல்லி, நீண்ட செய்தி ஒன்று போட்டேன்: சளிக்கு எது, இருமலுக்கு எது, எத்தனை சொட்டு. பன்னிரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். கீழ்வீட்டு டில்லி அண்ணா, ஆட்டோ ஓட்டுகிறவர், எனக்கே குரல்செய்தி அனுப்பினார்: "பாப்பா, எனுக்கு இருமிகினே கீது. உன் தைலத்துல ஒரு பாட்டில் நைனாகிட்ட வாங்கிக்கவா?" எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நைனா என்று அவர் சொல்வது என் அப்பாவை.

இரண்டு மூன்று வாரம் கழித்து அப்பா ஒரு கேள்வி கேட்டார். நான் அடுத்த மீட்டிங்குக்குப் படியேறிக்கொண்டிருந்தேன்.

"ரம்யா, ஒரு டவுட்டு. இந்த டிஃப்யூசரும் நம்ம நெபுலைசரும் ஒண்ணுதானே? ரெண்டும் பொகையாத்தான விடுது?"

"ஒரே தத்துவம்தாம்ப்பா. தண்ணியைச் சாரலாக்குறது. சரி வெக்கட்டுமா? கதவைத் திறந்துட்டாங்க."

எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பள்ளியில் இயற்பியல் கேள்விக்குக் கை தூக்குகிற மாதிரி பதிலைச் சொல்லிவிட்டு ஓடினேன். அந்தப் பதிலும் தவறு. இரண்டு மிஷினும் வேறு வேறு வேலை. ஒன்று அறைக்கு, ஒன்று நுரையீரலுக்கு.

4

போகிக்கு முதல் நாள் பேசினோம். அதன் பிறகு அப்பாவை வீடியோவில் பார்க்க முடியவில்லை.

"நெட்டு சரியில்லம்மா." "கீழ போயிருக்காரு." "இப்பத்தான் படுத்தாரு." எல்லாம் அம்மா. பொங்கல் அன்று வாழ்த்துகூட அம்மா போனிலிருந்து வந்த படம்தான். நான் சந்தேகப்படவில்லை. எனக்கும் அந்த வாரம் இருமல். அம்மா கேட்டபோது நான் நல்லா இருக்கேன் என்றேன். அவளும் நாங்க நல்லா இருக்கோம் என்றாள். போனை வைத்துவிட்டு இருமினேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் டில்லி அண்ணாவுக்குப் போன் செய்த காரணம் அப்பா அல்ல. தைலம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கத்தான் செய்தேன். எக்செல் ஷீட்டில், யாருக்கு என்ன பலன் என்று குறிக்கும் பக்கத்தில், அவருடைய வரிசை காலியாக இருந்தது.

5

"இன்னா பாப்பா, இப்பத்தான் உனுக்கு டைம் கெட்ச்சுதா? நைனா ஊட்டுக்கு வந்து மூணு நாளாவுது."

"எங்கேர்ந்து வந்து?"

"ஆஸ்பத்திரிலேர்ந்துதான், வேற எங்கேர்ந்து…" அங்கே ஆட்டோவின் சத்தம் நின்றது. "உனுக்கு சொல்லலியா? ஐயய்யோ. நான் ஒன்னியும் சொல்லல. போன வெச்சுட்றேன்."

"டில்லி அண்ணா, வெச்சீங்கன்னா அடுத்த போன் உங்க சம்சாரத்துக்குத்தான்."

"அத்த மட்டும் பண்ணாத தாயி. சொல்றேன், இரு. போகி அன்னிக்குக் காலைல அம்மா ஓடியாந்து கதவத் தட்டுது. மேல போய்ப் பாத்தா நைனா அந்த மாஸ்க்க மூஞ்சில மாட்டிகினு ஒக்காந்துகினு கீறாரு. இருமலுன்னா இருமல், அப்டி ஒரு இருமல். பேச்சு வரல. ஒதடு கலரே மாறிப்போச்சு. அப்டியே தூக்கி ஆட்டோல போட்டுகினு போனேன். ரோட்ல இன்னாடான்னா அவன் அவன் பாயி, டயரு எல்லாத்தியும் கொளுத்திகினு கீறான். ஒரே பொகை. நான் ஆரன் அடிச்சிகினே போறேன், மேளம் அட்ச்சிகினு வழி உடாம நிக்கறானுங்கோ."

"அப்புறம்?"

"ரெண்டு நாளு ஆக்சிஜன் வெச்சாங்கோ. இப்ப நல்லா கீறாரு. காலைல டீ குட்ச்சாரு. நீ இன்னாத்துக்கு அழுவுற? அழுவாத. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. அவ்ளோ தூரத்துல கீது, கேட்டா பதறும், வேலை கெட்டுப்பூடும்னாரு."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாப்பா, உன் தைலத்த நான் இன்னும் தொடல. ஷெல்ஃபுல அப்டியே கீது. அத்த இன்னா பண்றது?"

தெரியாது என்றேன். அந்தக் குளிர்காலத்தில் எண்ணெயைப் பற்றி யாருக்கும் நான் சொல்லாத பதில் அது.

6

வீட்டுக்கு வீடியோவில் அழைத்தேன். அம்மா எடுத்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே போனை அப்பாவிடம் திருப்பிவிட்டாள். இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது. சவரம் செய்யாத அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கேன் கண்ணு."

"அப்பா, அந்த வார்த்தைய இனிமே எங்கிட்டச் சொல்லாத."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

டிஃப்யூசர் வந்த பதினைந்தாம் நாளே நின்றுவிட்டது. எங்கள் ஃப்ளாட்டின் போர் தண்ணீர் அப்படி. பாத்ரூம் குழாய் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதே உப்பு அந்தச் சின்னத் தகட்டின் மேலும் படிந்து அதை அதிரவிடாமல் செய்துவிட்டது.

"கேன் தண்ணி ஊத்தியிருக்கலாமேப்பா?"

"கேன் தண்ணி குடிக்கறதுக்கு. பொகை விடறதுக்கா?"

வினிகரில் ஊறவைத்திருக்கிறார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். அது உயிர் பெறவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆள் கையில குடுத்து அனுப்புன. பதினஞ்சு நாள்ல போச்சுன்னு எப்பிடிச் சொல்றது? தெனம் போன் பண்ணி எப்பிடி இருக்குன்னு ஆசையா கேக்கற."

"அதனால?"

"அதான் ஒன்னையே கேட்டனே. ரெண்டும் ஒண்ணான்னு."

நெபுலைசரின் கிண்ணத்தில் சலைன் என்கிற உப்புநீர் மருந்தோடு மூன்று சொட்டு யூகலிப்டஸ். என் ஷீட்டில் டிஃப்யூசருக்கு எழுதியிருந்த அளவு நான்கு சொட்டு. மிஷின் சின்னது என்பதால் ஒன்றைக் குறைத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போதுகூடத் தான் ஜாக்கிரதையாக இருந்ததைச் சொல்லும் குரல்தான். போகிக்கு முன்னால் இரண்டு தடவை இப்படி வைத்திருக்கிறார். நெஞ்சு எரிந்தது, இருமல் வந்தது. மருந்து உள்ளே வேலை செய்கிறது போல என்று நினைத்துக்கொண்டாராம். மூன்றாவது தடவை, வெளியே புகை மண்டிய காலையில்.

"பஃப்?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"அத நிறுத்தி ஒரு மாசம் ஆவுது" என்றாள் அம்மா. "கேட்டா எம்பொண்ணு இனிமே தேவப்படாதுன்னுட்டாங்கறாரு."

நான் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. போனை வைத்தபின் என் குரல்செய்திகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். இருந்தது. ஏதோ ஒரு காலையில், டிராமுக்கு நிற்கும்போது, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்: "இது மட்டும் செட் ஆயிட்டா பஃப் எல்லாம் தேவையே இல்லாமப் போயிடும் பாருப்பா." பின்னணியில் டிராமின் மணியோசை. எவ்வளவு உற்சாகமான குரல்! யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அன்று பேச்சை முடிக்கும்போது அம்மா சொன்னது இது. "ஃபாக்டரியில முப்பது வருசம். ஒரு நட்டு, ஒரு போல்ட்டு பொய்யா பாஸ் பண்ணதில்ல இந்த மனுசன். மேல இருக்கறவங்க சொன்னாக்கூட ரிஜெக்ட்டுன்னா ரிஜெக்ட்டுதான். நீ அனுப்புனா மட்டும் எல்லாத்தையும் பாஸ் பண்ணிடறாரு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

7

உடனே விமானம் ஏறு என்று நீங்கள் சொல்வீர்கள். அதையும் முயன்றேன். என் வசிப்பு அனுமதி புதுப்பிப்பில் இருக்கிறது. பழைய அட்டை காலாவதி, புதியது வரவில்லை. இடைப்பட்ட காலத்துக்கு ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரவிடுவது அதிகாரிகளின் மனது. அந்தத் தாளின் பெயரை நேராகத் தமிழாக்கினால் 'கற்பனைச் சான்றிதழ்' என்று வரும். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, அரசாங்கம் வைத்த பெயரே அதுதான். அதற்கான சந்திப்பு நேரம் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றுக்கும் ஒரே தானியங்கிப் பதில். கோரிக்கை வந்து சேர்ந்ததாம், மகிழ்ச்சியாம்.

ஆக, இங்கேயே இருந்துகொண்டு யோசிக்க வேண்டியதாயிற்று. யோசிக்க யோசிக்கச் சிக்கல்தான் கூடுகிறது.

எது அப்பாவை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது? எண்ணெயா, போகிப் புகையா, ஒரு மாதமாக விட்ட பஃபா? ஆஸ்பத்திரியில் அம்மா பாட்டிலைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அந்த இளம் டாக்டரம்மா, மூன்றும் இருக்கலாம், எது எவ்வளவு என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றிருக்கிறார். "ஆனா எண்ணெய் எதுவும் அந்த மிஷின்ல போகவே கூடாதும்மா. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து மட்டும்தான். பஃப்ப நீங்களா நிறுத்தக் கூடாது. ரூம்ல வாசனைக்குப் போட்டாக்கூட இவரு மாதிரி சிலருக்கு இழுக்கும்." இதை அம்மா எனக்கு வரி விடாமல் ஒப்பித்தாள்.

வேலையில் ஒரு பிழை வந்தால் நான் ஒவ்வொன்றாக நிறுத்தி, மாற்றி, மீண்டும் ஓட்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். அப்பாவை அப்படி மீண்டும் ஓட்டிப் பார்க்க முடியாது.

பழைய மருந்துக்கடைக்குப் போனேன். அதே பெண்மணி. இந்த முறை வாக்கியங்களை எழுதி எடுத்துப் போயிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கோபப்படாமல், அதே பாட்டில் ஒன்றை எடுத்து உள்ளிருந்த துண்டுச்சீட்டை விரித்துக் காட்டினார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேண்டாம். கைக்குழந்தைகள், சிறு குழந்தைகளின் முகத்தருகே வேண்டாம். விழுங்கக் கூடாது. நான் இடத்தை அடைக்கிறது என்று பிரித்து எறிந்தது அந்தச் சீட்டைத்தான். யாருக்கு என்று அன்று நீ சொல்லியிருந்தால் எச்சரித்திருப்பேன் என்றார். அன்று எனக்குத்தானே வாங்கினேன்.

இன்னொன்றும் சொன்னார். அந்த எண்ணெய்களின் குளிர்ச்சி மூக்கின் உள்ளே படும்போது காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றும், அடைப்பு அப்படியே இருந்தாலும். நிம்மதியாக இருந்தால் முகர்ந்துகொள், தப்பில்லை, ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்றார்.

அப்படியென்றால் அன்று என் மூக்கு திறந்ததா இல்லையா? என் மேசைக்கு வந்தவர்கள் நன்றாகிவிட்டது என்று சொன்னது? எல்லாருக்குமே ஒரு வாரத்தில் தானாகப் போகிற சளிதான். முதல் பதினைந்து நாள், டிஃப்யூசர் ஓடியபோது, அப்பாவின் நெஞ்சு உண்மையிலேயே லேசாக இருந்ததா? அவரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியல ரம்யா. நீ கேக்கும்போது லேசாத்தான் இருந்துது." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

வாட்ஸப் குழுவுக்குத் திருத்தம் எழுதினேன். குழந்தைகளுக்கு வேண்டாம், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம், நெபுலைசரில் மருந்தைத் தவிர எதையும் ஊற்றக் கூடாது, டாக்டர் கொடுத்ததை நிறுத்தக் கூடாது, முன்பு நான் எழுதியது அரைகுறை. பன்னிரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதே பன்னிரண்டு பேர். இரண்டில் எதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. ஆகவே கைக்குழந்தை இருக்கும் மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். ஒரு வீட்டில் குழந்தையின் தலையணை மேல் தைலம் விட்டிருந்தார்கள். உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு வந்துதான் பேசினார்கள். டில்லி அண்ணாவிடம், மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் அது தைலத்தின் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்றேன். "ஆட்டோவ எவன் ஓட்றது?" என்றார். அடுத்த நாள் அம்மா அவரை அவருடைய ஆட்டோவிலேயே கூட்டிப்போய்விட்டாள்.

என் அலமாரியில் இன்னும் ஒன்பது பாட்டில் இருக்கிறது. தூக்கி எறியவும் மனமில்லை, திறக்கவும் மனமில்லை.

8

நேற்று மதியம் அழைத்தபோது அப்பா சவரம் செய்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். பக்கவாட்டில் அளவுகோடுகள், அதன் மேல் நகரும் ஒரு சிவப்பு முள். மூச்சின் வேகத்தை அளப்பதற்கு டாக்டரம்மா வாங்கச் சொன்னதாம், பீக் ஃப்ளோ மீட்டர்.

"எழுந்து நிக்கணும். முள்ள சைபர்ல வெக்கணும். மூச்ச நல்லா இழுத்து, ஒரே ஊது. மூணு தடவ. அதுல எது அதிகமோ அதான் ரீடிங்கு." தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரும் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். ஊதினார். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது, இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ரிஜெக்ட்டு" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இத்தனை நாளில் அவர் எனக்குச் சொன்ன முதல் மோசமான செய்தி.

"அப்பா, இனிமே நான் எப்பிடி இருக்குன்னு கேக்க மாட்டேன். தெனம் இந்த நேரத்துக்குக் கூப்பிடுறேன். கேமரா முன்னாடி ஊது. நம்பர் மட்டும் போதும்."

"சரி. நீயும் ஒண்ணு வாங்கிக்க."

"எனக்கு எதுக்கு? எனக்கு ஆஸ்துமாவா?"

"பொங்கல்லேர்ந்து நீ போன்ல இருமிகிட்டே இருக்குற. வாயப் பொத்திகிட்டு இருமுனா எனக்குக் கேக்காதா? கேட்டா நல்லா இருக்கேங்கற. ஒனக்கு ஒரு ரூல், எனக்கு ஒரு ரூலா?"

அம்மா எங்கிருந்தோ கத்தினாள்: "அப்பிடிக் கேளு!"

இன்று வேலை முடிந்து வாங்கி வந்துவிட்டேன். நாளை பன்னிரண்டரைக்கு, ஆபீஸின் சிறிய மீட்டிங் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஊத வேண்டும். முதலில் நான், அப்புறம்தான் அவர் என்பது அப்பாவின் நிபந்தனை. என்ன எண் வரும் என்று தெரியவில்லை. இந்த இருமல் வெறும் சளிதானா, அவர் வழி வந்ததா என்றும் தெரியவில்லை. வீட்டிலேயே ஒரு தடவை ஊதிப் பார்த்து, கொஞ்சம் பழகி, நல்ல எண்ணாக வரவைத்துக்கொண்டு போகலாமே என்று கை போகிறது. உறையைப் பிரிக்காமல் பைக்குள் வைத்திருக்கிறேன்.